சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஒரு சின்ன மேடை போடலாமா?

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கட்டம் போட்ட நோட்டுத் தாளில் தன் சமையலறையை அளந்து, வரைந்தும் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 41 வயது. வேலைக்குப் போகிறார். கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், 72 வயது மாமியார் என நான்கு பேர். 12 வருடப் பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. சமையலறை 8 அடி அகலம், 10 அடி நீளம். கிழக்குச் சுவர் நெடுக மேடை இருக்கிறது, அதன் தென்கோடியில் அடுப்பு. வடக்குச் சுவர் மேடையில் ஜன்னலுக்குக் கீழே சிங்க். தெற்கில் ஃபிரிட்ஜ். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு இடம். அந்தச் சுவரின் தென்கோடியில் 3 அடி வாசல், உள்பக்கம் சுவர் நெடுக கான்கிரீட் பரண்.

"மாலையில் இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மகன் ஏதாவது கேட்டால் கத்திப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தைக்கு முட்டி வலி, உள்ளே நிற்க முடியாது. ஆனால் சும்மாவும் இருக்க மாட்டார்கள். ஹாலில் சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவார்கள். இடுக்கிலிருந்து இலை எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை" என்று எழுதுகிறார். அதனால் மேற்குச் சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 5 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பெனின்சுலா மேடை போட்டு, அடுப்பை அதில் வைத்து, ஹாலைப் பார்த்தபடி சமைக்க ஆசைப்படுகிறார். வெளிப்பக்கம் இரண்டு உயர ஸ்டூல்கள். ஆசாரி தாராளமாக வரும் என்கிறாராம். கணவர் வீடெல்லாம் புகை வரும் என்கிறாராம். மாமியார் அடுப்பு அக்னி மூலையை விட்டு நகரக்கூடாது என்கிறாராம். பட்ஜெட் மூன்றரை லட்சம்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வரைபடத்தை ஸ்கேல் வைத்து மறுபடி வரைந்து பார்த்தேன். மேடை வரும். ஆனால் நீங்கள் வரைந்திருக்கும் மேடை வேண்டாம். அளவு, இடம், அதன் மேல் வைக்கும் பொருள் ஆகிய மூன்றையும் மாற்றினால் உங்கள் வீட்டுக்கு இது மிக நல்ல காரியம். உங்கள் வீட்டில் மூன்று பேரும் சொல்வது மூன்று திசையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு வழி இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி. ஒரு முனை சுவரோடோ மேடையோடோ ஒட்டியிருக்க, மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கும் மேடையைத்தான் பெனின்சுலா என்கிறார்கள். பூகோளப் பாடத்தில் படித்த தீபகற்பம்தான். நடுவில் தனியாக நின்றால் அது தீவு. நம் ஊர் ஃபிளாட்களில் தீவுக்கு இடம் கிடைப்பது அரிது, நான்கு பக்கமும் நடக்க வழி வேண்டும். தீபகற்பத்துக்கு ஒரு பக்கம் மிச்சம். கரண்ட் வயரும் பக்கத்து மேடைக்கு அடியிலேயே வந்துவிடும், தரையை வெட்ட வேண்டாம்.

முதலில் சுவர்

"உள்சுவர்தானே மேடம், நாலரை இஞ்ச் சுவர், பாரம் ஒன்றும் தாங்காது" என்று ஆசாரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். தூணும் பீமும் பாரத்தைத் தாங்கும் கட்டடத்தில், அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் தன் எடையை மட்டும்தான் தாங்குகிறது. ஆனால் உள்சுவர் என்பதாலேயே அது பாரம் தாங்காத சுவர் ஆகிவிடாது. பழைய கட்டடங்களில் உள்ளே இருக்கும் ஒன்பது அங்குலச் சுவர் மேல்மாடியையே தாங்கிக்கொண்டு நிற்கும். அண்மைக் காலத்து அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கூரையையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்க்கிறார்கள், மிவான் என்பார்கள். அங்கே உள்சுவரும் தாங்கும் சுவர்தான். ஐந்து, ஆறு அங்குலம்தான் இருக்கும், பார்த்தால் செங்கல் சுவர் போலவே தெரியும். அதைத் தொடவே கூடாது.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். எப்போதாவது அந்தச் சுவரில் ஆணியோ ஸ்குருவோ அடிக்க டிரில் போட்டிருப்பீர்களே, அப்போது கொட்டிய தூளை நினைத்துப் பாருங்கள். மேல்பூச்சு போனதும் சிவப்புத் தூள் வந்திருந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து, டிரில் உள்ளே போகவே திணறியிருந்தால் கான்கிரீட்டாக இருக்கலாம். சாம்பல் தூள் சுலபமாகக் கொட்டியிருந்தால் ஏதாவது பிளாக் கல்லாக இருக்கும். இது உங்களுக்கு ஒரு அறிகுறி, அவ்வளவுதான். சுத்தியல் தூக்குவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் வரவழைத்து, எழுத்தில் வாங்குங்கள். ஆசாரி மரவேலையில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "பரணை அப்படியே வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதன் மேல் வைத்துக்கொள்வது? கான்கிரீட் பரண் அந்தச் சுவருக்குள் செருகி நிற்கிறது. பரணுக்கு மேலே இருக்கும் செங்கல்லின் எடை அழுத்திப் பிடிப்பதால்தான் அது தொங்காமல் இருக்கிறது. கீழே 5 அடி சுவரை எடுத்தால், வாசல் 3 அடியும் சேர்ந்து 8 அடிக்குப் பிடிமானம் போய்விடும். சுவரை முழுக்க எடுப்பதென்றால் பரணும் போக வேண்டும், அதுவும் முதலில் போக வேண்டும். பொங்கல் பானை, இட்லிக் குண்டான், வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் பித்தளைப் பாத்திரம் எல்லாம் எங்கே போகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜுக்கு மேலே கூரை வரை ஒரு அலமாரியும், கிழக்குச் சுவரில் மேல் அலமாரியைக் கூரை வரை உயர்த்துவதும் ஓரளவு ஈடு கட்டும். முழுக்க ஈடு கட்டாது. சில பாத்திரங்களை யாருக்காவது கொடுக்க வேண்டிவரும்.

இன்னும் சில, சுவர் போன பிறகு தெரியவரும் விஷயங்கள். மேலே பீம் ஒரு அடி போலக் கீழே இறங்கித் தெரியும், அதை மறைக்க முடியாது, பழகிக்கொள்ளலாம். தரையில் சுவர் நின்ற இடத்தில் ஐந்தாறு அங்குலத்துக்கு டைல் இருக்காது. 12 வருடம் முன் போட்ட டைல் இப்போது கிடைக்காது, ஒரு கிரானைட் பட்டை போட்டு மூடுவதுதான் சுத்தம். சுவருக்குள் ஸ்விட்ச் வயர் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியன் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அப்புறம் எடை. அந்தச் சுவர் ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். மூட்டை மூட்டையாக மூன்று மாடி இறங்க வேண்டும். லிஃப்டில் ஏற்ற விடுவார்களா, தெருவில் கொட்டாமல் எங்கே கொண்டுபோவது என்பதை வேலைக்காரரோடு கூலி பேசும்போதே பேசிவிடுங்கள்.

சங்கத்திடம் கேட்க வேண்டுமா?

"என் வீட்டுக்குள் நடக்கும் வேலை, யாரைக் கேட்க வேண்டும்?" என்கிறீர்கள். வீடு உங்களுடையது. ஆனால் அடுக்குமாடியில் தூண், பீம், தாங்கு சுவர், அஸ்திவாரம் எல்லாருக்கும் பொது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. நீங்கள் எடுக்கப்போவது பொதுவான சுவர் இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. இன்ஜினியரின் கடிதத்தின் நகலோடு சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு மேல்வீட்டுக் குளியலறைச் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு உங்களைக் கைகாட்டினால், அந்தக் காகிதம்தான் பேசும். முடிந்தால் வேலைக்கு முன் அந்த வீடுகளின் சுவர்களை அவர்கள் சம்மதத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அடுப்பை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்.

சிலிண்டரிலிருந்து டியூபைத் தரை டைலுக்கு அடியில் கொண்டுபோய்விடலாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது ஆபத்து. ரப்பர் டியூப் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக்கூடாது, சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ ஓடக்கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தங்கும். டைலுக்கு அடியில் டியூபில் விரிசல் விட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. உலோகக் குழாய் போட்டுக்கொள்ளலாம்தான், அதையும் உங்கள் கேஸ் ஏஜென்சி மூலம்தான் செய்ய வேண்டும்.

வாயுவை விட்டுவிட்டாலும், பின்னால் சுவர் இல்லாத அடுப்பு நம் சமையலுக்குச் சரிப்படுவதில்லை. அப்பளம் பொரித்தால் எண்ணெய் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மேல் தெறிக்கும். கடாயின் பிடி நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு இடத்து ஃபேன் தீயை ஆட்டும். சிம்னியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும், நான்கு பக்கமும் காற்று ஓடுவதால் அது புகையைச் சரியாக இழுக்காது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டதற்காக இப்படி அமைத்துக் கொடுத்தேன். படத்தில் மிக அழகாக இருந்தது. எட்டு மாதம் கழித்துப் போனபோது, மேடையின் வெளிவிளிம்பில் பழைய காலண்டர் அட்டைகளை நிறுத்தி, கிளிப் போட்டு, எண்ணெய்க்கு ஒரு தடுப்பு கட்டியிருந்தார் அந்த அம்மா. அட்டை முழுக்க மஞ்சள் புள்ளிகள். இடித்ததாக நினைத்த சுவரை அவர் அட்டையால் திரும்பக் கட்டியிருந்தார். அதன் பிறகு யாருக்கும் நான் அப்படிச் செய்து கொடுக்கவில்லை.

இப்போது நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மாலை முழுக்க, அடுப்புக்கு முன்னால் உண்மையில் எத்தனை நிமிடம் நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள். வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, மாவு பிசைவது, சப்பாத்தி இடுவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அடுப்பு நேரம் குறைவு, மேடை நேரம்தான் அதிகம். சுவரைப் பார்த்து நிற்பதாக நீங்கள் சொல்லும் இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நறுக்கும் பலகையின் முன்னால் போகிறது என்று நினைக்கிறேன். அந்தப் பலகையை மேடைக்குக் கொண்டுவந்தால் உங்கள் மகனைப் பார்த்தபடி பேசலாம். தாளிக்கும் ஐந்து நிமிடம் மட்டும் திரும்பி நின்றால் போதும்.

அடுப்பு தென்கிழக்கில், கிழக்குப் பார்த்தபடி அப்படியே இருப்பதால் உங்கள் அத்தைக்கும் குறை இல்லை. வாஸ்து பற்றி உங்களுக்கும் அவருக்கும் வேறு கருத்து இருக்கலாம். ஆனால் 72 வயதில் ஒருவர் தன் வீட்டில் நிம்மதியாக இருப்பதும் வடிவமைப்பில் சேர்த்தி. உங்கள் கணவர் சொல்லும் புகையும் உண்மையான பிரச்சினை. சுவர் போனால் மிளகாய் வறுக்கும் நெடி நேராக ஹாலுக்கு வரும். கிழக்குச் சுவர் வெளிச்சுவராக இருப்பதால், குழாய் போட்டுப் புகையை வெளியே தள்ளும் சிம்னி வையுங்கள், அடுப்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில். வடிகட்டிவிட்டு அதே காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் வகை, திறந்த சமையலறைக்கு உதவாது.

மேடையின் அளவு

உங்கள் வரைபடத்தில் 3 அடி மேடை முழுக்கச் சமையலறைக்குள் இருக்கிறது. கணக்குப் போடுவோம். 8 அடியில் கிழக்கு மேடை 2 அடி, புது மேடை 3 அடி. நடுவில் மிச்சம் 3 அடி. கீழே டிராவை இழுத்தால் ஒன்றரை அடி வெளியே வரும், மீதி ஒன்றரை அடியில் நீங்கள் நிற்க வேண்டும். கையில் சூடான குக்கரோடு இருக்கும்போது பின்னால் யாரும் போக முடியாது. ஒருவர் மட்டும் சமைக்கும் இடத்துக்கு மூன்றரை அடியும், இருவர் புழங்கும் இடத்துக்கு 4 அடியும் நடுவே வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வெகுகாலமாக நிற்கும் கணக்கு.

மேடையை 2 அடியாக்குங்கள். அதன் வெளிவிளிம்பு பழைய சுவரின் வெளிமுகத்தோடு சேரும்படி வையுங்கள். சுவர் இருந்த ஐந்தரை அங்குலம் உங்களுக்கு லாபம். நடுவில் ஏறத்தாழ நாலரை அடி கிடைக்கும். நீளம் 5 அடி சரியாக இருக்கிறது. வடக்கு மேடையிலிருந்து 5 அடி வந்து நின்றால், தெற்கில் 3 அடி வாசல் அப்படியே இருக்கும். ஆறு அடி வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கும்போது ஒருவர் உள்ளே வர முடியுமா என்பதுதான் கணக்கு.

உயர ஸ்டூல் இரண்டும் வேண்டாம். யார் உட்காருவார்கள் அதில்? உங்கள் அத்தையால் ஏற முடியாது. மகன் ஒரு மாதம் உட்காருவான். பிறகு அதில் ஸ்கூல் பையும் துண்டும்தான் உட்காரும். மேடையை இரண்டு உயரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடக்கு மேடையை ஒட்டிய இரண்டரை அடி, நின்று வேலை செய்யும் உயரம். நிற்கும்போது மடக்கிய முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும், உங்கள் 5 அடி 2 அங்குல உயரத்துக்கு 33, 34 அங்குலம் வரும். அதன் கீழே டிராக்கள். கடைசி இரண்டரை அடி, சாப்பாட்டு மேசையின் உயரம். 29 அல்லது 30 அங்குலம். அதன் கீழே அலமாரி எதுவும் வேண்டாம், கால் நீட்ட இடம் வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் சாப்பாட்டு இடத்துப் பக்கம் அரை அடி நீட்டி, அங்கே கைப்பிடி வைத்த ஒரு சாதாரண நாற்காலி போடுங்கள்.

அங்கே உங்கள் அத்தை உட்கார்ந்து கீரை உருவுவார். நீங்கள் எதிரே நின்று நறுக்குவீர்கள். நாற்காலிக்குப் பின்னால் 3 அடி விட்டால் மற்றவர்கள் போய்வரலாம், உங்கள் சாப்பாட்டு இடத்தில் அது இருக்கிறது. சப்பாத்தி இடும்போது நீங்களும் அந்தத் தாழ்ந்த பகுதிக்கு வருவீர்கள். தோள் தூக்காமல் அழுத்தித் தேய்க்க அந்த உயரம்தான் வசதி.

சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்வது புதிதல்ல. அரிவாள்மனை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே உட்கார்ந்து செய்யும் வேலைக்கானவை. கிரானைட் மேடை வந்தபோது எல்லா வேலையும் நின்றுகொண்டு செய்வதாகிவிட்டது, தரையில் உட்கார முடியாதவர்களுக்கு இடமே இல்லாமல் போனது. இன்றைய மாடுலர் சமையலறைக்கு மூதாதை என்று 1926ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக உருவான சமையலறையைச் சொல்வார்கள். வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அதாவது உங்களுடையதைவிடச் சின்னது. அதிலேயே அவர் ஜன்னலோரம் ஒரு வேலைப் பலகையும், உட்கார ஒரு சுழல் ஸ்டூலும் வைத்திருந்தார். ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அந்த அறை பெண்ணைக் குடும்பத்திடமிருந்து தனியே பிரித்துவிட்டது என்ற விமர்சனம் பின்னால் வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் சொல்ல வேண்டியவை

கிரானைட் ஒரு சதுர அடி ஏறத்தாழ 5 கிலோ. தாழ்ந்த பகுதி மட்டுமே 30 கிலோ வரும். அதோடு உங்கள் அத்தை எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றித்தான் எழுந்திருப்பார். முட்டி வலி உள்ள எல்லோரும் அப்படித்தான் எழுவார்கள். ஆகவே அந்த முனை அந்தரத்தில் நிற்கக்கூடாது. முனையில் ஒரு கடப்பா கல்லை நிறுத்தலாம், அல்லது தரையில் போல்ட் போட்ட ஸ்டீல் கால் கொடுக்கலாம். பிளைவுட் பெட்டி மேல் கல்லை வைத்துவிட்டு, தாங்கும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிமூலைகள் இரண்டையும் நன்றாக உருட்டச் சொல்லுங்கள். விளிம்பை மட்டும் வழவழப்பாக்கிவிட்டு மூலையைக் கூராக விட்டுவிடுவார்கள். வாசலை ஒட்டி இருப்பதால் இடுப்பிலோ தொடையிலோ தினமும் இடிக்கும். இரண்டு உயரமும் சேரும் இடத்தில் மூன்று நான்கு அங்குலப் படி வரும், அதையும் கிரானைட் பட்டையாகவே வைத்து இணைப்பை சிலிக்கான் போட்டு அடைத்தால் மாவும் தண்ணீரும் தங்காது.

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் பிளக் பாயின்ட் மேடையின் உள்பக்கப் பக்கவாட்டில், கல்லுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வரட்டும். மேல்பரப்பில் பதிக்கும் பிளக் பார்க்க அழகு, ஆனால் நம் மேடை எப்போதும் ஈரம். சமையலறை லைன் முழுவதும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச், வழியாக வருகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் சில நேரம் இருக்காது. பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, கொதிநீரையும் தாங்கும் பிடபிள்யூபி வகையாக இருக்கட்டும், தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி அமைக்கட்டும்.

மேடையில் ஒரு குட்டி சிங்க் வைக்கலாமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பெரிய சிங்க் நாலைந்து அடியில் இருக்கிறது. கழிவுக் குழாய்க்குச் சரிவு கொடுக்க இடம் போதாது, 5 அடியில் ஒன்றரை அடி வீணாகும்.

பணத்தை முதலில் சுவர், பரண், தரை, கரண்ட் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். அடுத்து வெளியே தள்ளும் சிம்னி. பிறகு கல்லும் அதன் தாங்கலும். மிச்சத்தில் டிரா, அலமாரி. கதவுக்கு எந்த நிற லேமினேட் என்பது கடைசி. கடையில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

சுவரை எடுக்க முடியாது என்று இன்ஜினியர் சொன்னால்

மனம் உடைய வேண்டாம். தாங்காத சுவர்தான், ஆனால் பரணைக் காப்பாற்ற வேண்டும் என்றால், சுவரில் நான்கடி அகலத்தில் ஒரு திறப்பு மட்டும் எடுக்கலாம். வாசலை ஒட்டி ஓரடிச் சுவரையும், கீழே மேடை உயரம் வரை சுவரையும் விட்டுவிட்டு, மேலே இருக்கும் சுவரைத் தாங்கப் புது லிண்டல் கொடுக்க வேண்டும். அது தீபகற்பமாக இருக்காது, பரிமாறும் ஜன்னலாக இருக்கும். ஆனால் மகனின் முகம் தெரியும், கத்த வேண்டாம்.

கான்கிரீட் சுவர் என்றால் திறப்பும் கிடையாது. அப்போது சுவருக்கு இந்தப் பக்கமே, மேற்குச் சுவரையொட்டி ஒன்றரை அடி ஆழத்தில் மேசை உயரப் பலகை ஒன்றைப் போடுங்கள். நடுவில் நாலரை அடி அப்போதும் இருக்கும். அத்தை உள்ளேயே நாற்காலியில் உட்காருவார். மகனைப் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் உங்களுக்குத் துணை இருக்கும், சோபாவில் முருங்கையிலையும் இருக்காது.

எதுவானாலும், இன்ஜினியரைக் கூப்பிடும் முன்பே ஒரு ஒத்திகை பாருங்கள். 2 அடி அகல மேசையோ, இரண்டு அட்டைப்பெட்டிகள் மேல் ஒரு பழைய கதவுப் பலகையோ எடுத்து, சுவரின் உள்பக்கம் வரப்போகும் இடத்தில் வையுங்கள். சுவர் இன்னும் இருப்பதால் அரை அடி கூடுதலாக உள்ளே வரும், நடுவில் 4 அடிதான் இருக்கும். அந்த நெருக்கத்திலேயே பத்து நாள் சமைத்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது, எந்தப் பக்கம் கை தானாகப் போகிறது என்று கவனியுங்கள். ஒரு விருந்து நாளும் அதில் வரட்டும்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள், அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். 29 அங்குலமா, 30 அங்குலமா, இல்லை இன்னும் ஒன்று குறைவா என்பதை அந்த அளவைப் பார்த்து ஆசாரியிடம் சொல்லலாம்.